வேலைவாய்ப்பு, பயிற்சி, தொழிலாளர் தளங்களை இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைவாய்ப்பு முகாம், ஐடிஐ சேர்க்கை, மாவட்ட அளவிலான கூட்டம் என்று எங்கே போய் உட்கார்ந்தாலும் இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்பவர்கள் மட்டும் மாறுகிறார்கள். வேலை தேடும் பிள்ளைகள், கூட வரும் அம்மாக்கள், பயிற்சி மையம் நடத்துபவர்கள், அலுவலகப் பணியாளர்கள், மென்பொருள் எழுதும் தம்பிகள் என்று எல்லோரும் உண்டு. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். பதில்கள் தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதியவை. மத்திய அரசின் தளங்கள் பற்றிச் சொன்னது எல்லா மாநிலத்துக்கும் பொருந்தும்.

1. "எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்ல பதிஞ்சாச்சு சார். அப்புறம் எதுக்கு என்சிஎஸ், ஈ-ஷ்ரம், ஸ்கில் இந்தியான்னு மறுபடி மறுபடி பதியச் சொல்றாங்க?"

ஒவ்வொன்றையும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு துறை, வெவ்வேறு தேவைக்காக ஆரம்பித்தது. வேலைவாய்ப்பு அலுவலகங்கள் உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரர்களுக்காக 1945-இல் தொடங்கியவை. 1956 நவம்பரில் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் என்சிஎஸ் என்னும் வேலை தேடும் தளம் 2015 ஜூலையில் வந்தது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ஈ-ஷ்ரம் 2021 ஆகஸ்ட் 26-இல் தொடங்கியது. ஸ்கில் இந்தியா டிஜிட்டல் 2023 செப்டம்பரில் வந்தது. அதை நடத்துவது தொழிலாளர் அமைச்சகம் அல்ல, திறன் மேம்பாட்டு அமைச்சகம். இவற்றுக்கு மேல் மாநில அரசின் திறன் மேம்பாட்டுக் கழகம், நான் முதல்வன், தனியார் வேலைக்கான மாநிலத் தளம், தொழிலாளர் நல வாரியங்கள் என்று ஒரு வரிசையே இருக்கிறது.

உங்களுக்குக் கிடைப்பதும் வேறு வேறு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு மூப்பு, அதாவது பதிந்த தேதிப்படி வரிசையில் ஒரு இடம் கிடைக்கும். என்சிஎஸ்ஸில் நாடு முழுக்க உள்ள காலியிடங்களைத் தேடலாம். ஈ-ஷ்ரம் நலத்திட்டங்களுக்கானது. ஸ்கில் இந்தியா தளம் படிப்புக்கும் சான்றிதழுக்கும். ஒன்றில் பதிந்தால் மற்றதில் பதிந்ததாக ஆகாது.

2. "எல்லாத்தையும் இணைச்சுட்டோம்னு டிவில சொன்னாங்களே?"

சொன்னார்கள், உண்மைதான். 2022 பிப்ரவரி 1 அன்று வாசித்த மத்திய பட்ஜெட்டிலேயே உத்யம், ஈ-ஷ்ரம், என்சிஎஸ், அசீம் ஆகிய நான்கு தளங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்படும் என்ற அறிவிப்பு இருந்தது. உத்யம் சிறு தொழில் நிறுவனங்களின் பதிவு. அசீம் திறன் பெற்றவர்களையும் முதலாளிகளையும் சேர்த்துவைக்கும் தளம். 2024 அக்டோபர் 21-இல் ஈ-ஷ்ரம் 'ஒரே இடத்தில் தீர்வு' என்ற பெயரில் பல நலத்திட்டங்களோடு இணைக்கப்பட்டது.

ஆனால் இணைப்பில் மூன்று தரம் உண்டு. ஒரு தளத்தில் நுழைந்தால் இன்னொன்றின் கதவும் திறப்பது முதல் தரம். நீங்கள் ஒப்புதல் கொடுத்து பொத்தானை அழுத்தினால் உங்கள் விவரம் ஒருமுறை அங்கே நகலாகிப் போவது இரண்டாம் தரம். ஈ-ஷ்ரம் எண்ணை வைத்து என்சிஎஸ்ஸில் பதிவது அந்த மாதிரி. ஒரு அலுவலகம் கேள்வி கேட்டால் இன்னொரு அலுவலகத்தின் கணினி அந்த நிமிடமே பதில் சொல்வது மூன்றாம் தரம். மக்களின் அலைச்சலைக் குறைப்பது மூன்றாவதுதான். செய்திகளில் வருபவை பெரும்பாலும் முதல் இரண்டு. இரண்டாம் தரத்தில் ஒரு தொல்லையும் இருக்கிறது: நகல் போன அடுத்த நாளே நீங்கள் போன் நம்பரை மாற்றினால், அந்தப் பக்கம் பழையதே கிடக்கும்.

3. "ஆதார், பிஎஃப், ஈ-ஷ்ரம் மூணுமே 12 நம்பர். ஃபார்ம்ல யுஏஎன்னு போட்டிருந்தா எதை எழுதணும்?"

குழப்பம் உங்களுடையது இல்லை, பெயர் வைத்தவர்களுடையது. பிஎஃப் எனும் வருங்கால வைப்பு நிதி அமைப்பு 2014-இல் கொண்டுவந்த எண்ணுக்கும் யுஏஎன் (பொதுக் கணக்கு எண்) என்றுதான் பெயர். ஈ-ஷ்ரம் அட்டையில் இருக்கும் எண்ணுக்கும் அதே பெயர், அதே 12 இலக்கம். ஆதாரும் 12. தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ எண் மட்டும் 10 இலக்கம் என்பதால் தப்பித்தது.

படிவத்தை வைத்து முடிவு செய்யுங்கள். கம்பெனியில் சேரும்போது கேட்டால் அது பிஎஃப் எண். நலத்திட்டத்துக்கோ என்சிஎஸ் பதிவுக்கோ கேட்டால் பெரும்பாலும் ஈ-ஷ்ரம். மென்பொருள் எழுதும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள்: கட்டத்துக்கு மேல் வெறுமனே யுஏஎன் என்று போடாதீர்கள், எந்த அலுவலகத்தின் எண் என்றும் சேர்த்து எழுதுங்கள். நீளத்தை மட்டும் சரிபார்த்தால் மூன்றில் எதைப் போட்டாலும் கணினி ஏற்றுக்கொள்ளும்.

4. "பிஎஃப் புடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஈ-ஷ்ரம் கார்டு செல்லாதா?"

ஈ-ஷ்ரம்மில் பதியும்போது 16 முதல் 59 வயதுக்குள் இருக்க வேண்டும். பிஎஃப், இஎஸ்ஐ உறுப்பினராகவோ வருமான வரி கட்டுபவராகவோ இருக்கக் கூடாது. எண் வாழ்நாள் முழுவதற்கும் ஒன்றே. மாறுவது உங்கள் நிலை மட்டும்தான்.

ஆனால் நிஜ வாழ்க்கை இந்தக் கோட்டுக்குள் நிற்பதில்லை. திருப்பூரில் ஒரே ஆள் ஆறு மாதம் பிஎஃப் பிடிக்கும் கம்பெனியில் இருப்பார், அடுத்த நாலு மாதம் பீஸ் ரேட்டுக்கு ஜாப் ஒர்க் யூனிட்டில் தைப்பார், தீபாவளி முடிந்து திரும்பி வந்தால் மூன்றாவது இடம். ஒருவரை அமைப்பு சார்ந்தவர், சாராதவர் என்று நிரந்தரமாக முத்திரை குத்தினால் எந்தத் தளமும் அவரைச் சரியாகக் காட்டாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்த நிலை என்று வைப்பதுதான் சரி.

5. "ஐடிஐ-யும் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸும் ஒரே டிபார்ட்மெண்ட். என் சர்டிபிகேட் அங்கே தானா போகாதா?"

தமிழ்நாட்டில் இரண்டும் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் கீழ்தான் இருக்கின்றன. ஆனால் தேசியத் தொழிற்சான்றிதழை வழங்குவது மத்திய அரசின் பயிற்சித் தலைமை இயக்ககம். சேர்க்கை மாநிலக் கணினியில், சான்றிதழ் மத்தியக் கணினியில், வேலைவாய்ப்புப் பதிவு இன்னொரு மாநிலக் கணினியில். எனவே சான்றிதழ் வந்ததும் வேலைவாய்ப்புத் தளத்தில் நுழைந்து கூடுதல் தகுதியை நீங்களே சேர்த்துவிடுங்கள். தானாக வந்திருக்கும் என்று காத்திருந்தால், அந்தத் தகுதிக்கான மூப்பு அவ்வளவு நாள் தள்ளிப்போகும்.

6. "போன் நம்பர் மாத்திட்டேன். ஒரு எடத்துல மாத்தினா எல்லா எடத்துலயும் மாறுமா?"

மாறாது. முதலில் ஆதாரில் மாற்றுங்கள், ஏனென்றால் மற்ற பல தளங்களின் ஓடிபி அங்கே பதிந்த எண்ணுக்குத்தான் வரும். பிறகு வங்கி, பிஎஃப், வேலைவாய்ப்புப் பதிவு என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். சலிப்பான வேலை, வேறு வழியில்லை. நேர்காணல் அழைப்பு பழைய சிம்முக்குப் போய்விட்டது என்று வந்து நிற்பவர்களைப் பார்க்காத முகாமே இல்லை.

7. "ஆதார்தான் இருக்கே. ரெண்டு டேபிளையும் அதை வெச்சு ஜாயின் பண்ணிட்டா முடிஞ்சதே அண்ணா?"

மென்பொருள் எழுதும் தம்பிகள் எல்லோரும் முதல் நாள் கேட்கும் கேள்வி. டேபிள் என்றால் தரவு அட்டவணை, ஜாயின் என்றால் இரண்டு அட்டவணையிலும் ஒரே எண் உள்ள வரிகளைச் சேர்ப்பது. முதல் தடை, பழைய பதிவுகள். ஆதார் வருவதற்கு முன்பே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, விடாமல் புதுப்பித்து வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருடைய பதிவிலும் ஆதார் எண் இருக்கும் என்று நம்பி மென்பொருள் எழுத முடியாது.

இரண்டாவது, ஆதார் எண்ணை யார் வேண்டுமானாலும் கண்ட இடத்தில் சேமிக்கக் கூடாது. அதை ஒரு தனிப் பெட்டகத்தில் பூட்டி வைத்து, மற்ற இடங்களிலெல்லாம் அதற்குப் பதிலாக ஒரு குறிப்பு எண்ணைப் பயன்படுத்த வேண்டும் என்று ஆதார் ஆணையம் 2017-இல் சொல்லிவிட்டது. ஒரு துறையின் குறிப்பு எண்ணும் இன்னொரு துறையின் குறிப்பு எண்ணும் ஒன்றல்ல. ஆகவே ரெண்டு டேபிளையும் பக்கத்தில் வைத்தாலும் ஜாயின் ஆகாது. அது குறை அல்ல. அப்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு, எந்தத் திட்டத்துக்காக, எந்தச் சட்டப்படி ஆதாரைக் கேட்கிறோம் என்பதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆதார் இவர் யார் என்று சொல்லும். இவர் என்ன படித்தார், என்ன வேலை தெரியும், இப்போது வேலையில் இருக்கிறாரா என்பதை அது சொல்லாது. இணைப்பின் பாதி வேலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

8. "ஆதார் இல்லாத பதிவை பேரு, பிறந்த தேதி வெச்சு சேர்க்கலாமே?"

சேர்க்கலாம், ஆனால் தமிழ்ப் பெயர்களுக்கு வெளியூர் மென்பொருள் சரிவராது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். சுப்பிரமணியின் மகன் முருகன் பள்ளிச் சான்றிதழில் எஸ். முருகன். வேறொரு அட்டையில் முருகன் எஸ். கடைசிப் பெயரைக் கட்டாயமாகக் கேட்ட ஒரு படிவத்தில் முருகன் சுப்பிரமணி. இன்னொரு தளத்தில் முதல் பெயர் சுப்பிரமணி, கடைசிப் பெயர் முருகன் என்று அப்பாவும் பிள்ளையும் இடம் மாறிக் கிடப்பார்கள். பெண்களுக்கு இன்னொரு சிக்கல்: திருமணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின் கணவருடையது. ஐடிஐ சான்றிதழ் ஒரு இனிஷியலில், ஈ-ஷ்ரம் அட்டை இன்னொன்றில் இருக்கும், இரண்டும் அவரே.

ஆங்கில எழுத்தில் எழுதும்போது கதை இன்னும் நீளும். ஜெயலட்சுமியில் முதல் எழுத்துக்கு அடுத்து ஏ போடுபவர்களும் இ போடுபவர்களும் உண்டு. லட்சுமிக்கு எக்ஸ் போடுபவர் ஒருவர், கே-எஸ்-ஹெச் போடுபவர் இன்னொருவர். தமிழ்ச்செல்வியின் ழகரத்துக்கு எல், இசட்-ஹெச் இரண்டும் வரும். ஒலியை வைத்துப் பெயர்களை ஒப்பிடும் சவுண்டெக்ஸ் போன்ற முறைகள் ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்காக உருவானவை. இங்கே அப்படியே போட்டால் சேர வேண்டியவர்களைப் பிரிக்கும், பிரிய வேண்டியவர்களைச் சேர்க்கும். பிறந்த தேதியையும் முழுக்க நம்ப முடியாது. சான்று இல்லாமல் வயதை மட்டும் சொல்லி ஆதார் எடுத்தவர்களுக்கு ஆண்டு மட்டும்தான் பதிவானது. முழுத் தேதி கேட்கும் படிவங்களில் அவர்களில் பலர் ஜனவரி 1 என்று நிரப்பினார்கள். ஜனவரி 1-இல் பிறந்த முருகன்கள் நிறைய.

நான் சொல்வது இதுதான்: இனிஷியலைப் பிரித்துத் தனிக் கட்டத்தில் வையுங்கள், பெயர், பிறந்த ஆண்டு, அப்பா அல்லது கணவர் பெயர், போன், பத்தாம் வகுப்பு பதிவு எண் என்று பல கட்டங்களை ஒப்பிட்டு மதிப்பெண் போடுங்கள். அதிக மதிப்பெண் வந்தால் ஒருவரே, மிகக் குறைந்தால் வேறு ஆள். நடுவில் வருபவர்களை மனிதர் பார்க்க வேண்டும். அந்த நடுப்பகுதிக்கு ஆளும் நேரமும் ஒதுக்காத திட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

9. "எம் பொண்ணு டெய்லர். ஒரு தளத்துல அந்த வேலை இருக்கு, இன்னொண்ணுல வேற என்னமோ காட்டுது. எதைப் போடறது?"

தேசியத் தொழில் வகைப்பாடு என்று ஒன்று இருக்கிறது, 2015-இல் திருத்தியது. உலகத் தொழிலாளர் அமைப்பின் பட்டியலை ஒட்டி, ஒவ்வொரு தொழிலுக்கும் எண் கொடுத்திருக்கிறார்கள். அதில் அளவெடுத்து, வெட்டி, தைக்கும் தையற்காரர் 7531-இல் வருவார். தொழிற்சாலையில் தையல் இயந்திரம் ஓட்டுபவர் 8153. நம் ஊரில் இருவரும் டெய்லர்தான். திருப்பூர் கம்பெனி வாசலில் தொங்கும் போர்டில் 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை', 'பவர் டேபிள் டெய்லர் தேவை' என்றிருக்கும். இந்தச் சொற்கள் தேசியப் பட்டியலில் இதே வடிவில் கிடைப்பது அரிது. ஐடிஐ பக்கம் போனால் சூயிங் டெக்னாலஜி, டிரெஸ் மேக்கிங் என்று பாடப்பிரிவுப் பெயர்கள். குறுகியகாலப் பயிற்சிகளுக்கு அந்தந்தத் துறையின் திறன் குழு கொடுத்த இன்னொரு குறியீடு.

உங்கள் மகளுக்கு: கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்து தைப்பவர் என்றால் தையல் இயந்திரம் இயக்குபவர் என்று வருவதைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுப்பவர் என்றால் தையற்காரர். இரண்டும் தெரியும் என்றால், தளம் அனுமதித்தால், இரண்டையும் போடுங்கள்.

தளம் கட்டுபவர்களுக்கு: இந்த நாலு பட்டியலுக்கும் நடுவே ஒரு பொருத்த அட்டவணை வேண்டும். அதை உருவாக்குவது கணினி வேலை அல்ல. லைன் சூப்பர்வைசர், ஐடிஐ பயிற்றுநர், வேலைவாய்ப்பு அலுவலர் மூவரையும் ஒரு மேசையில் உட்காரவைத்துத்தான் செய்ய முடியும். சர்வருக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கினால் போதும், ஆனால் டெண்டரில் இதற்கு ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை.

10. "உதவித்தொகை வாங்குற பசங்க வேலைக்குப் போயிட்டாங்களான்னு பிஎஃப் கம்ப்யூட்டரே சொல்லிடாதா சார்?"

மாவட்ட அலுவலகத்தில் இருந்து வந்த கேள்வி. பின்னணி தெரியாதவர்களுக்கு: பதிந்து ஐந்தாண்டு ஆகியும் வேலை கிடைக்காதவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மூன்றாண்டு வரை உதவித்தொகை தருகிறது. பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ 400, பட்டதாரிக்கு 600. குடும்ப ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும். வேலையில் இல்லை என்று வாங்குபவரே ஆண்டுதோறும் சுய உறுதிமொழி தர வேண்டும்.

பிஎஃப் கணினி சொல்லலாம், ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பது முக்கியம். இந்தக் காலாண்டில் இவர் பெயரில் பிஎஃப் சந்தா வந்ததா என்று கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் வாங்கினால் போதும். சம்பளம் எவ்வளவு, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அந்த மேசைக்குத் தேவையில்லாதவை. ஆம் என்று வந்ததும் பணத்தைத் தானாக நிறுத்திவிடவும் கூடாது. ஒப்பந்தக்காரர் இரண்டு மாதத்துக்கு மட்டும் பிஎஃப் போட்டு விட்டிருப்பார். அல்லது எட்டாம் கேள்வியில் சொன்ன மாதிரி அது வேறொரு முருகனாக இருக்கும். கடிதம் அனுப்பி, விளக்கம் கேட்டு, அலுவலர் முடிவு செய்யட்டும். 300 ரூபாய் யாருக்குப் பெரிய தொகை என்பது அந்த வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் தெரியும்.

11. "நாங்க பிளேஸ்மென்ட் குடுத்தோம்னு காட்டினா ஏன் நம்ப மாட்டேங்கறாங்க?"

பயிற்சி மையம் நடத்துபவரின் ஆதங்கம். நேர்மையாக நடத்துபவர்களுக்கு இது அவமானமாகத்தான் இருக்கும். ஆனால் நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டம் பற்றி அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி அமைப்பு தந்த அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. திட்டத்தின் இரண்டாம், மூன்றாம் கட்டங்களில் சுமார் 95.9 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்ததில், 94.53 சதவீதம் பேருக்கு வங்கிக் கணக்குக் கட்டம் காலியாகவோ, பூஜ்யமாகவோ, உபயோகமில்லாத எதையோ போட்டோ இருந்தது. ஆதாரோடு இணைந்த கணக்குக்குப் பணம் போவதால் அந்தக் கட்டம் பின்னால் கட்டாயமில்லை என்பது அமைச்சகத்தின் பதில். இருக்கலாம். கட்டாயமில்லாத கட்டத்தை எடுத்துவிட்டிருக்க வேண்டும்; வைத்தால் சரிபார்த்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2014-இன் தொழிலாளர் புத்தாக்கச் சட்டப்படி, பயிற்சி முடித்து வெளியேறியவர் இரண்டாவது காலாண்டிலும் நான்காவது காலாண்டிலும் வேலையில் இருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். பயிற்சி மையத்தின் கடிதத்தை மட்டும் நம்பி அல்ல. வேலையின்மைக் காப்பீட்டுக்காக முதலாளிகள் மாநிலத்திடம் காலாண்டுதோறும் கொடுக்கும் சம்பளப் பட்டியலை வைத்து. நம்மிடம் அதற்கு இணையாக பிஎஃப்பும் இஎஸ்ஐயும் இருக்கின்றன. ஆனால் பிஎஃப் பொதுவாக 20 பேராவது உள்ள இடத்துக்கு, இஎஸ்ஐ 10 பேராவது, அதிலும் 21,000 ரூபாய் சம்பளம் வரை. மெக்கானிக் ஷெட்டில் சேர்ந்தவர், சொந்தமாகத் தையல் மெஷின் போட்டவர் இரண்டிலும் தெரிய மாட்டார். எனவே பிஎஃப்பில் அந்தக் காலாண்டுச் சந்தா இருந்தால் வேலையில் இருந்தார் என்று பெரும்பாலும் நம்பலாம். இல்லை என்றால் வேலை இல்லை என்று பொருள் அல்ல. அவர்களுக்கு மட்டும் போன் செய்தோ நேரில் போயோ பார்க்கும் முறை தேவை.

12. "எல்லாத்தையும் ஒரே பெரிய டேட்டாபேஸா போட்டுட்டா வசதிதானே?"

கேட்க வசதியாக இருக்கும். ஆனால் ஒரே இடத்தில் குவித்தால், திருட்டுப் போனாலும் மொத்தமாகப் போகும், தப்பானாலும் மொத்தமாகத் தப்பாகும், யார் பொறுப்பு என்பதும் தெரியாது. எஸ்டோனியா 2001 முதல் எக்ஸ்-ரோடு என்ற முறையில் வேறு வழியில் போகிறது: ஒவ்வொரு துறையின் தரவும் அந்தத் துறையிடமே இருக்கும். தேவைப்படும்போது ஒருவர் கேட்பார், மற்றவர் பதில் சொல்வார். யார் எப்போது கேட்டார்கள் என்பது பதிவாகும்.

நம் ஊருக்கும் அதுதான் சரி என்பது என் கருத்து. அதற்கு முன் தீர்மானிக்க வேண்டியது, எந்தக் கட்டத்துக்கு யார் சொந்தக்காரர் என்பது. பள்ளிப் படிப்புக்குப் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸ், ஐடிஐ சான்றுக்குப் பயிற்சித் தலைமை இயக்ககம், பதிவு மூப்புக்கு வேலைவாய்ப்பு அலுவலகம், தற்போதைய வேலைக்கு பிஎஃப், இஎஸ்ஐ. சொந்தக்காரர் மட்டுமே திருத்த முடியும், மற்றவர்கள் பார்க்கலாம். இந்த ஒரு பக்கப் பட்டியலில் துறைகள் உடன்படுவதற்கு ஆகும் நேரம், மென்பொருள் எழுதுவதை விட அதிகம்.

13. "என் சாதி, ஊனம், சம்பளம் எல்லாம் எல்லா ஆபீஸுக்கும் தெரிஞ்சுடுமா?"

தெரியக் கூடாது. வேலை கொடுக்கும் கம்பெனிக்கு உங்கள் சாதிச் சான்று தேவையில்லை. பயிற்சி மையத்துக்கு உங்கள் பழைய சம்பளம் தேவையில்லை. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நலத்திட்டம், சான்றிதழ், உரிமம் போன்றவற்றுக்காக அரசு தன்னிடம் உள்ள விவரத்தைப் பயன்படுத்த வழி கொடுத்திருக்கிறது. ஆனால் தேவையான அளவுக்கு மட்டும், சொன்ன காரணத்துக்கு மட்டும், வேண்டிய காலம் வரை மட்டும் என்று 2025 நவம்பரில் வந்த விதிகள் வரம்பு போடுகின்றன. சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்ற தொடர்பு விவரமும் தர வேண்டும். இந்தக் கடமைகள் பெரும்பாலும் விதிகள் வந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை காத்திருக்காமல் இப்போதே அப்படிக் கட்டுவது நல்லது. பத்தாம் பதிலில் சொன்ன ஆம்-இல்லை முறை இதற்கும் உதவும்.

14. "ஒரே ஆளுக்கு ரெண்டு பதிவு இருந்தா ஒண்ணை அழிச்சுடலாமா?"

அழிக்காதீர்கள். தமிழ்நாட்டில் பட்டப்படிப்பு வரை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலும், முதுகலை, தொழிற்படிப்புகளைச் சென்னையிலோ மதுரையிலோ உள்ள தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் பதிகிறோம். ஒருவருக்கு இரண்டு பதிவு இருப்பது முறையானதுதான். மென்பொருளுக்கு அது தெரியாது. ஒரே பெயர், ஒரே தேதி, இரட்டைப் பதிவு என்று ஒன்றைத் தூக்கிவிடும்.

நிஜமாகவே இரட்டைப் பதிவாக இருந்தாலும், எது முந்தைய தேதி என்பதில் ஒருவருடைய இருபது வருடக் காத்திருப்பு அடங்கியிருக்கிறது. அரசு வேலைக்கு வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியல் மட்டும் போதாது, விளம்பரமும் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்ன பிறகு மூப்பின் மதிப்பு குறைந்தது உண்மை. ஆனாலும் முற்றிலும் போய்விடவில்லை. எனவே இரண்டையும் இணைத்துக் காட்டுங்கள், தேதிகளை அப்படியே வையுங்கள், பழைய பதிவை மறைத்தால் அதற்கான உத்தரவு எண்ணைக் குறியுங்கள்.

15. "வேற ஒருத்தர் பதிவோட என் பதிவைச் சேர்த்துட்டாங்க. பிரிக்க முடியுமா?"

முடியும், சேர்த்தவர்கள் தடம் விட்டிருந்தால். எந்த இரண்டு பதிவு, எந்த விதிப்படி, எந்தத் தேதியில் சேர்ந்தது என்று எழுதி வைத்திருந்தால் ஒரு பொத்தானில் பிரிக்கலாம். இரண்டையும் கலக்கி ஒரே வரியாக்கி, பழையதை அழித்திருந்தால் கைமுறையாகச் சான்றிதழ்களைப் பார்த்துத்தான் மீட்க வேண்டும். புதிய மென்பொருளை ஏற்கும் முன் அலுவலர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'சேர்ப்பது எப்படி' அல்ல, 'பிரிப்பது எப்படி'. செயல்விளக்கத்தில் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

16. "எங்க கம்பெனில பீகார், ஒடிசா பசங்க. அவங்க எந்த மாநிலக் கணக்கு?"

கொரோனா ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பியவர்களைப் பார்த்தபோதுதான் இந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை என்று தெரிந்தது. 2021 ஜூன் 29-இல் உச்ச நீதிமன்றம் அமைப்புசாராத் தொழிலாளர் தரவுத்தளத்தை ஜூலை 31-க்குள் தொடங்கச் சொன்னது. ஈ-ஷ்ரம் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அதில் சொந்த முகவரி, தற்போதைய முகவரி இரண்டுக்கும் இடம் உண்டு. பதியும்போது ஊரில் இருந்தவர் இப்போது அவிநாசியில் இருப்பார், தற்போதைய முகவரி மட்டும் அங்கேயே நிற்கும். சேரும் நாளிலேயே கம்பெனி மனிதவளப் பிரிவு முகவரியைப் புதுப்பிக்க உதவினால் இரு மாநிலக் கணக்கும் ஓரளவு சரியாகும்.

17. "எங்க மாவட்டத்துல எங்கேருந்து தொடங்கறது?"

டாஷ்போர்டில் இருந்து தொடங்காதீர்கள். பெரிய திரையில் வண்ணப் படம் வந்ததும் இணைப்பு முடிந்ததாக எல்லோரும் கைதட்டிவிடுவார்கள்.

ஒரு அரசு ஐடிஐ, ஒரு பாடப்பிரிவு, ஒரு கேள்வி: சென்ற ஆண்டு வெல்டர் பிரிவில் தேறியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? அதற்கு எந்த எந்த அலுவலகத்தைக் கேட்க வேண்டும், எந்தக் கட்டம் இடிக்கிறது, எத்தனை போன் எண்கள் அணைந்து கிடக்கின்றன என்று பாருங்கள். ஏழு முதல் ஒன்பது வரை சொன்ன எல்லாத் தொல்லையும் அந்த ஒரு வகுப்புக்குள்ளேயே வந்து நிற்கும். அங்கே தீர்த்தால் மற்ற பிரிவுகளுக்குப் போகலாம். அப்புறம், தரவை உள்ளிடும் பணியாளருக்கு அதனால் ஒரு வேலையாவது குறைய வேண்டும். கூடுதலாக ஒரு படிவம் மட்டும் வந்தால் அவர் ஜனவரி 1 என்றுதான் நிரப்புவார்.

18. "இதெல்லாம் நடக்கற வரைக்கும் நான் என்ன பண்ணணும்?"

ஆதாரில் உள்ள பெயரையும் இனிஷியலையும் எழுத்து மாறாமல் எல்லாத் தளத்திலும் போடுங்கள்; ஆதாரே தப்பு என்றால் முதலில் அதைத் திருத்துங்கள். ஒரே போன் எண்ணை வைத்திருங்கள், பிரவுசிங் சென்டர்காரரின் எண்ணைக் கொடுக்காதீர்கள். வேலைவாய்ப்புப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விட்டுப்போனால், தவறியவர்களுக்கு அரசு அவ்வப்போது சலுகை அறிவிக்கிறதா என்று பாருங்கள். பதிவு எண், ஈ-ஷ்ரம், பிஎஃப், இஎஸ்ஐ எண்களை எது எது என்று பெயரோடு ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். மூன்றாம் கேள்வியை மறந்துவிடாதீர்கள், ஆதார், பிஎஃப், ஈ-ஷ்ரம் மூன்று எண்ணும் 12 இலக்கம்.